மூச்சடக்கி நின்றவர்கள்

லண்டன், 1852-ஆம் ஆண்டின் குளிர்காலம். கோவர் தெருவில் ஒரு வீட்டு அறை. நடுவில் தகரத் தொட்டி, அது நிறைய தண்ணீர். தண்ணீர் சில்லிட்டுப் போகாமல் இருக்க அடியில் எண்ணெய் விளக்குகள் எரிகின்றன. வெள்ளி ஜரிகையில் பூவேலை செய்த பழைய உடுப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓர் இளம்பெண் தொட்டிக்குள் மல்லாந்து கிடக்கிறாள். கைகள் இரண்டும் தண்ணீருக்கு மேலே விரிந்து நிற்கின்றன. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. எதிரே ஓர் இளைஞர் பேசாமல் வரைந்துகொண்டிருக்கிறார்.

பெண்ணின் பெயர் எலிசபெத் சிடல். தொப்பிக் கடையில் வேலை பார்த்தவர். வரைகிறவர் ஜான் எவரெட் மில்லே. இருவருக்கும் அப்போது 22 வயது.

ஒருநாள் விளக்குகள் அணைந்துவிட்டன. வரைகிற வேகத்தில் மில்லே அதைக் கவனிக்கவில்லை. தண்ணீர் ஆறிக்கொண்டே போனது. சிடல் வாய் திறக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. வேலை முடிந்து வெளியே வந்தபோது உடம்பு விறைத்துப் போயிருந்தது. அடுத்து கடுமையான காய்ச்சலில் படுத்தார். மகளின் நிலையைப் பார்த்த அப்பா, 50 பவுண்டு கொடு, இல்லாவிட்டால் வழக்குப் போடுவேன் என்று மில்லேவுக்கு எழுதினார். கடைசியில் மருத்துவச் செலவை மில்லே ஏற்றுக்கொண்டார். இந்த விவரங்கள் நமக்குத் தெரிவது, மில்லேவின் மகன் 1899-ல் தன் தந்தையின் வரலாற்றை எழுதி வெளியிட்டதால்.

அந்த ஓவியம்தான் ‘ஒஃபிலியா’. இன்று லண்டன் டேட் பிரிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகம் முழுக்கப் பிரதி எடுக்கப்பட்ட ஓவியங்களில் ஒன்று. அதில் நாம் பார்ப்பது ஷேக்ஸ்பியரின் நாயகியை. உண்மையில் அங்கே கிடப்பது குளிரில் நடுங்காமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு கூலிப் பெண். அந்த ஓவியத்தை நான் முதலில் ஒரு புத்தகத்தில்தான் பார்த்தேன். இந்தக் கதை தெரிந்த பிறகு அந்த முகத்தைப் பழையபடி பார்க்க என்னால் முடியவில்லை.

தண்ணீருக்குள் உடையோடு இறங்கி, ஓவியருக்காக அசையாமல் இருப்பவர்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. அன்று தொட்டி. இன்று நீச்சல் குளமும் கேமராவும். ஓவியர்கள் பேச்சில் இதற்கு ‘ரெஃபரன்ஸ் எடுப்பது’ என்று பெயர். படம் எடுத்துவைத்துக்கொண்டு, பிறகு மாதக்கணக்கில் அதைப் பார்த்து வரைவார்கள்.

மனசிலிருந்து வரைய முடியாதா?

மேடையில் ஒஃபிலியாவின் சாவு நடப்பதே இல்லை. ‘ஹாம்லெட்’ நாடகத்தில் அரசி வந்து வாய்வார்த்தையாகச் சொல்கிறாள்: உடை விரிந்து அவளைக் கொஞ்ச நேரம் மிதக்க வைத்தது, பிறகு அந்த உடையே தண்ணீரைக் குடித்துக் கனத்து அவளைக் கீழே இழுத்துவிட்டது என்று.

கிணற்றில் நீச்சல் பழகிய நம் ஊர்ப் பெண்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு படியிலிருந்து குதித்தால் பாவாடைக்குள் காற்று புகுந்து குடை மாதிரி உப்பும். சில நொடி, அந்தக் குடையே நம்மைத் தாங்கும். பிறகு துணி நனைந்து காலோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த நொடி யாரோ கணுக்காலைப் பிடித்து இழுப்பது போல இருக்கும். மேலே நிற்கும் அக்கா, “கையைப் போடுடி, காலை அடிடி!” என்று கத்துவார்.

அந்த இரண்டு நிலைக்கும் இடைப்பட்ட நொடியைத்தான் மில்லே வரைய நினைத்தார். உடை இன்னும் முழுதாக நனைந்து மூழ்கவில்லை, ஆனால் மூழ்கத் தொடங்கிவிட்டது. துணியில் எந்த மடிப்பு மேலே நிற்கும், எது உள்ளே அமிழும், நீர்மட்டம் கழுத்தை எங்கே வெட்டும் என்பதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பெண் உண்மையாகவே தண்ணீருக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும்.

மில்லே எதையும் கற்பனைக்கு விடாத ஆள். 1851 ஜூலையிலிருந்து நவம்பர் வரை சரே மாவட்டத்தில் ஹாக்ஸ்மில் என்ற சின்ன ஆற்றின் கரையில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு 11 மணி நேரம், வாரத்தில் ஆறு நாள், செடிகொடிகளை மட்டும் வரைந்தார். குளிர் வந்ததும் வைக்கோல் வேய்ந்த தட்டியால் குடிசை போட்டுக்கொண்டு அதற்குள் இருந்து வரைந்தார். ஓவியத்தில் பெண் இருக்க வேண்டிய இடத்தை வெறுமனே விட்டுவிட்டு லண்டன் திரும்பினார். அப்புறம் நாலு பவுண்டு கொடுத்து அந்தப் பழைய உடுப்பை வாங்கினார். ஆற்றங்கரையில் தனக்கு ஒரு குடிசை போட்டுக்கொள்ளத் தோன்றியவருக்கு, தொட்டியில் கிடப்பவரின் விளக்கை ஒரு தரம் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. அவர் கொடுமைக்காரர் இல்லை. அவர் கண் முழுக்க ஓவியத்தில் இருந்தது. இந்தத் தொழிலில் ஆபத்து பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

அன்றைக்கு ஒரு கேமரா இருந்திருந்தால்? புகைப்படக் கலை அப்போதே பிறந்துவிட்டது. ஆனால் ஒரு படத்துக்குப் பல நொடி அசையாமல் இருக்க வேண்டும். குளிரில் கிடக்கும் உடம்பால் அது ஆகாது. தண்ணீருக்கு அடியிலோ, அப்போது யாரும் படமே எடுத்ததில்லை. பிரெஞ்சு உயிரியலாளர் லூயி பூட்டான் மத்தியதரைக் கடலோரம் பான்யுல்ஸில் கேமராவைக் கடலுக்குள் இறக்கித் தெளிவான படம் எடுத்தது 1893-ல்தான்.

கேமரா கைக்கு எளிதாக வந்ததும் ஓவியர்கள் அதைத் தண்ணீரோரம் கொண்டுபோய்விட்டார்கள். அமெரிக்காவின் தாமஸ் ஈக்கின்ஸ் 1884-ல் தன் மாணவர்களை ஏரிக்கு அழைத்துப்போய், அவர்களைப் படம் எடுத்துவைத்துக்கொண்டு நீச்சல் ஓவியம் ஒன்றை வரைந்தார். அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன.

9 கோடி டாலர் நீச்சல்காரர்

ரெஃபரன்ஸ் படம் எடுப்பது என்றதும் ஓவிய உலகம் முதலில் சொல்வது டேவிட் ஹாக்னியின் பெயரை. 1971-ல் அவர் ஓர் ஓவியத்தைத் தொடங்கினார். நீச்சல் குளத்துக்குள் ஒருவர் நீந்துகிறார், கரையில் ஒருவர் நின்று குனிந்து பார்க்கிறார். ஸ்டூடியோத் தரையில் தற்செயலாகப் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த இரண்டு புகைப்படங்களிலிருந்து பிறந்த யோசனை அது. மாதக்கணக்கில் போராடினார். குளம் தெரியும் கோணமே தவறு என்று கடைசியில்தான் புரிந்தது. வரைந்த தண்ணீரை இனித் திருத்த வழியில்லை. அந்த ஓவியத்தைக் கைவிட்டார்.

அவருடைய நியூயார்க் கண்காட்சி 1972 மே மாதம். கையில் சில வாரங்களே இருந்தன. அதே காட்சியைப் புதிதாக வரைய ஹாக்னி தென் பிரான்ஸுக்குப் பறந்தார். சான் ட்ரோபேக்கு அருகே திரைப்பட இயக்குநர் டோனி ரிச்சர்ட்சனின் வீட்டில் ஒரு குளம் உண்டு. உதவியாளர் மோ மெக்டெர்மட் கரையில் நின்றார். ஜான் செயின்ட் கிளேர் என்ற இளம் புகைப்படக்காரர் தண்ணீருக்குள் இறங்கினார். அவர் திரும்பத் திரும்ப மூழ்கி நீந்த, ஹாக்னி நூற்றுக்கணக்கில் படம் எடுத்துத் தள்ளினார். வெயில் ஒரு மாதிரி இருக்கும்போது, மேகம் மறைக்கும்போது, தண்ணீர் அலையும்போது, அடங்கியிருக்கும்போது என்று விதவிதமாக. லண்டன் திரும்பி, கரையில் நிற்கும் உருவத்துக்காக பீட்டர் ஷ்லெசிஞ்சர் என்பவரை இளஞ்சிவப்பு ஜாக்கெட்டோடு பூங்காவில் நிறுத்தித் தனியாகப் படம் எடுத்தார். பிறகு ஒரு நாளைக்கு 18 மணி நேரம் வீதம் இரண்டே வாரத்தில் வரைந்து முடித்தார். ஏழடிக்குப் பத்தடி ஓவியம்.

அந்த ஓவியத்தை உற்றுப் பாருங்கள். நீருக்கு அடியில் அந்த உடம்பு வெளிறி, கொஞ்சம் நெளிந்து தெரிகிறது. முதுகின்மேல் வெளிச்சம் வலை விரித்த மாதிரி கோடு கோடாக ஓடுகிறது. அலையின் ஒவ்வொரு வளைவும் ஒரு சின்ன லென்ஸ். வெயிலைக் குவித்து அடியில் கோடு போடும். அந்தக் கோடு ஒரு கணம்கூட நிற்காது. கண்ணால் பார்த்து நினைவில் வைத்துக்கொள்ள முடியாத ஒன்றைக் கேமராதான் பிடித்துக் கொடுத்தது. ஆனால் கேமராவுக்கு முன்னால் ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி மறுபடி மூழ்கியிருக்க வேண்டும்.

அன்றைக்கு 18,000 டாலருக்கு விற்ற அந்த ஓவியம், 2018 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 9.03 கோடி டாலருக்குப் போனது. உயிரோடிருக்கும் ஓர் ஓவியரின் படைப்புக்கு ஏலத்தில் அதுவரை கிடைத்திராத விலை. ஹாக்னியின் பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. கரையில் நிற்பவரின் பெயரும் வந்தது. தண்ணீருக்குள் இருந்தவரின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஊற்றுக்குள் ஒரு வெள்ளை உடை

உடையோடு தண்ணீருக்குள் போஸ் கொடுப்பதை ஒரு தொழிலாகவே வளர்த்த மாநிலம் அமெரிக்காவின் ஃபுளோரிடா. அங்கே நிலத்தடியிலிருந்து பொங்கும் ஊற்றுகள் கண்ணாடி போலத் தெளிந்தவை. வீக்கி வாச்சி என்ற ஊற்றில் 1947-ல் நியூட்டன் பெர்ரி என்பவர் நீருக்கு அடியில் ஓர் அரங்கம் கட்டினார். பார்வையாளர்கள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க, கடற்கன்னி வேடமிட்ட பெண்கள் நீருக்குள் ஆடுவார்கள். மூச்சு முட்டும்போது ரப்பர் குழாயை எடுத்து ஒரு வாய் காற்றை இழுத்துக்கொண்டு, முகம் மாறாமல் திரும்ப ஆட வேண்டும். வருடம் முழுக்க அந்தத் தண்ணீரின் வெப்பம் சுமார் 23 டிகிரி. கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். அரை மணி நேரம் கிடந்தால் தாடை அடித்துக்கொள்ளும்.

இன்னோர் ஊற்றான சில்வர் ஸ்பிரிங்ஸில் புரூஸ் மோசர்ட் என்ற புகைப்படக்காரர், கேமராவுக்குத் தானே நீர்புகாப் பெட்டி செய்து, பெண்களை நீருக்கு அடியில் சமைப்பது போலவும் விருந்து சாப்பிடுவது போலவும் படம் எடுத்தார். அடுப்பிலிருந்து புகை வருவது போலக் காட்ட டின் பாலைக் கசியவிடுவார். கிளாஸில் குமிழி எழ, வயிற்றுக்குப் போடும் நுரை மாத்திரை.

அதே 1947-ல் வீக்கி வாச்சிக்கு டோனி ஃபிரிசல் என்ற பெண் புகைப்படக்காரர் வந்தார். நீண்ட வெள்ளை உடையில் ஒரு பெண் நீர்மட்டத்தில் கிடக்க, அடியிலிருந்து படம் எடுத்தார். தலை நீருக்கு மேலே இருக்கிறது, உடம்பும் உடையும் கீழே ஆவியைப் போலத் தொங்குகின்றன. ஃபேஷன் பத்திரிகைக்காக எடுத்த படம். பின்னாளில் பில் எவான்ஸ், ஜிம் ஹால் இருவரின் ஜாஸ் இசைத்தட்டுக்கு அட்டைப் படமானது. மில்லேவின் ஒஃபிலியா நூறு வருடம் கழித்துத் திரும்பி வந்த மாதிரி இருக்கும். ஃபிரிசல் தன் படங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் படத்துக்கு அங்கே இருக்கும் தலைப்பு ஊற்றின் பெயர். பெண்ணின் பெயர் அதில் இல்லை.

இன்று அமெரிக்காவில் எரிக் ஜீனர், சமந்தா ஃபிரெஞ்ச் போன்ற ஓவியர்கள் நீருக்குள் இருக்கும் மனிதர்களையே வாழ்நாள் வேலையாக வரைகிறார்கள். ஹவாயில் பிறந்த கிறிஸ்டி லீ ராஜர்ஸ் இந்தப் பாதையில் எதிர்த் திசையில் நடந்தவர். இரவில் குளத்துக்குள் ஆட்களைப் பட்டாடையோடு இறக்கி, கரையிலிருந்தபடி படம் எடுக்கிறார். நீரின் வளைவில் வெளிச்சம் சிதறி, புகைப்படமே பழைய இத்தாலியத் தேவாலய ஓவியம் போல ஆகிவிடுகிறது. 2019-ல் சோனி உலகப் புகைப்பட விருதுகளில் பொதுப் பிரிவின் முதல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

சேலையோடு இறங்கிப் பார்த்தேன்

எழுதுவதற்கு முன் ஒரு தரமாவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தெரிந்தவர் வீட்டுக் குளம், ஆழம் அதிகம் இல்லை. பழைய பருத்திச் சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு இறங்கினேன். ஓவியம் வரையும் தோழி ஒருத்தி நீர்புகா உறைக்குள் செல்போனைப் போட்டு எடுத்துக்கொண்டு கூடவே இறங்கினாள்.

முதல் பாடம், மூழ்கவே முடியவில்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டால் உடம்பு தக்கையாகிவிடுகிறது. பாதி மூச்சை வெளியே விட்டால்தான் கீழே போகலாம். ஆக, கையிருப்புக் காற்று ஏற்கெனவே பாதி. கன்னத்தில் காற்றை வைத்துக்கொண்டால் படத்தில் பலூன் மாதிரி தெரிகிறது. அதனால் அதையும் விட வேண்டும். “தலையைச் சாய்த்து மேலே பாரு” என்றாள். சாய்த்தேன். மூக்குக்குள் தண்ணீர் ஏறிப் பொறி கலங்கியது.

கண்ணைத் திறந்தால் எல்லாம் புகைமூட்டம். கண்ணின் முன்பக்க வளைவு காற்றில்தான் ஒளியை ஒழுங்காகக் குவிக்கும், நீருக்குள் அது கிட்டத்தட்ட வேலையே செய்வதில்லை. எதிரே கேமரா எங்கே இருக்கிறது என்றே தெரியாமல், தெரிவது போல ஒரு பார்வை பார்க்க வேண்டும். குளோரின் எரிச்சல் வேறு. புருவத்தைச் சுருக்காமல் இருப்பதே பெரிய நடிப்பு.

சேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பருத்தி முதலில் உப்பியது, பிறகு ஈரச் சாக்கு மாதிரி கனத்தது. கொசுவம் ஒவ்வொரு மடிப்பாகப் பிரிந்து காலைச் சுற்றியது. முந்தானை பாம்பு போல எழுந்து வந்து முகத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் நெஞ்சு அடித்துக்கொண்டதை இப்போது நினைத்தாலும் கை சில்லிடுகிறது. நிற்கிற ஆழம்தான், காலை ஊன்றி எழுந்துவிட்டேன். ஆழம் இன்னும் இரண்டடி கூட இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. இரண்டாம் தடவை ஷிபான் சேலையோடு, முந்தானையைத் தோளில் ஊக்குப் போட்டு இறங்கினேன். ஷிபான் புகை மாதிரி மிதந்தது. ஓரத்தில் சின்ன ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்தால் துணி முகத்துக்கு ஏறாது என்று தோழி பிறகு சொன்னாள். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

நாற்பது நிமிடத்தில் விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளுத்துவிட்டது. வெயில் நாள்தான், ஆனாலும் நடுக்கம் வந்துவிட்டது. காற்றைவிடத் தண்ணீர் பல மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை உறிஞ்சும். எடுத்த படங்களில் அவளுக்கு உதவியவை மூன்றோ நாலோ. ஒன்றில் கை நன்றாக விழுந்திருந்தது, ஒன்றில் துணி, ஒன்றில் நீரின் அடிப்பரப்பு. இதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது: நீருக்குள்ளிருந்து சாய்வாக மேலே பார்த்தால் நீர்மட்டம் முகம் பார்க்கும் கண்ணாடி. என் தோளும் சேலையும் அதில் தலைகீழாக, துண்டு துண்டாக உடைந்து தெரிந்தன. நேர் மேலே மட்டும் ஒரு வட்ட ஜன்னல் போல வானம். “இதை எந்த ஓவியராலும் கற்பனை செய்ய முடியாது” என்றாள் தோழி. சேலையின் சிவப்புகூட ஓரளவுதான் வந்திருந்தது. நீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். ஆழம் கூடக் கூட எல்லாம் நீலச் சாம்பலாகிவிடும். வரையும்போது அந்தச் சிவப்பை ஓவியர் திரும்பக் கொடுக்க வேண்டும்.

கயிறு யார் கையில்?

இதில் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. கூடுதல் நேரம் தாங்க வேண்டும் என்று சிலர் இறங்குவதற்கு முன் வேக வேகமாக மூச்சு வாங்கிக்கொள்வார்கள். அது பிராணவாயுவைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. இரத்தத்தில் இருக்கும் கரியமில வாயுவைக் குறைத்துவிடுகிறது. ‘மூச்சு விடு’ என்று மூளையை உசுப்புவதே கரியமில வாயுதான். அது குறைந்துவிட்டால் திணறலே தெரியாது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு போய்விடும். நல்ல நீச்சல்காரர்களே இடுப்பளவுக் குளத்தில் இப்படி இறந்திருக்கிறார்கள். அசையாமல் அழகாக மிதக்கும் மாடலைப் பார்த்து, “அருமையாக நிற்கிறாள்” என்று கரையில் இருப்பவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்துவிடலாம். இந்த வேலையில் நல்ல போஸுக்கும் மயக்கத்துக்கும் வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்குவார்கள். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஓர் அசைவு வந்தால் மேலே இழுக்கத் தயாராக நிற்பார். அவருக்கு வேறு வேலை கிடையாது. அந்தக் கயிற்றை மச்சான் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள் என்று சொல்வதுண்டு. தங்கை தாலி அறுக்க எந்த அண்ணன் விடுவான் என்பது கணக்கு. படம் எடுப்பவர் கேமராவைப் பார்ப்பார், ஓவியர் வெளிச்சத்தைப் பார்ப்பார். மாடலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க மூன்றாவதாக ஒருவர் வேண்டும். மில்லேவின் அறையில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் விளக்கு அணைந்தது தெரிந்திருக்கும்.

சிடல் அந்தக் காய்ச்சலிலிருந்து எழுந்தார். அடுத்தவர் ஓவியங்களில் கிடந்ததோடு நிற்கவில்லை, தானே தூரிகை பிடித்தார். 1853–54-ல் தன் முகத்தைத் தானே வரைந்தார். ஓர் அடிகூட இல்லாத சின்ன வட்ட ஓவியம். அதில் ஒஃபிலியாவின் மயக்கம் எதுவும் இல்லை. களைத்த கண்ணும் இறுகிய உதடுமாக ஒரு பெண் நம்மைப் பார்க்கிறார். 1855-ல் விமர்சகர் ஜான் ரஸ்கின் அவர் வரைவதையெல்லாம் வாங்கிக்கொள்ள ஆண்டுக்கு 150 பவுண்டு தர முன்வந்தார். 1857-ல் லண்டனில் சக ஓவியர்களோடு அவர் படங்களும் காட்சிக்கு வந்தன. 1862-ல், 32 வயதில், அபின் மருந்து அளவுக்கு மீறிப் போய் இறந்தார். 2023-ல் டேட் பிரிட்டன் நடத்திய, அவர் கணவரான ஓவியர் ரோசெட்டியின் குடும்பக் கண்காட்சியில் அவருடைய ஓவியங்களுக்கும் இடம் கொடுத்தார்கள். 160 ஆண்டு பிந்திய மரியாதை, ஆனாலும் மரியாதை.

நம் ஊரிலும் இப்போது குளத்திலும் கடலிலும் பட்டுச் சேலையோடு படம் எடுப்பது பெருகிவருகிறது. திருமணப் படக்காரர்களும் இறங்குகிறார்கள், ஓவிய மாணவர்களும் இறங்குகிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். தண்ணீரில் இருக்கும் நேரத்துக்குத் தனிக் கூலி கொடுங்கள். அரைமணிக்கு ஒரு தரம் மாடலை வெளியே வரவைத்து, உலர்ந்த துண்டும் சூடான டீயும் கொடுங்கள். அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க ஒருவரை நிறுத்தாமல் தொடங்காதீர்கள். ஓவியம் முடிந்து சுவரில் மாட்டும்போது, உங்கள் பெயருக்குக் கீழே தண்ணீருக்குள் இருந்தவரின் பெயரையும் எழுதுங்கள்.